கயிறு விழாத இடம்

மலையடிவாரத்தில் மருதனார் என்றோர் ஆசான் இருந்தார். நிலத்தை அளப்பார், நெற்குவியலை அளப்பார், கிணற்றையும் குளத்தையும் அளப்பார். கேட்டு வந்தவர்களுக்குக் கற்றும் கொடுப்பார். அவரிடம் இரண்டு சீடர்கள் இருந்தார்கள்.

மூத்தவன் சேந்தன். படகு கட்டும் தொழிலை விட்டுவிட்டு வந்தவன். ஆசானைவிடக் கொஞ்சம் வயதில் பெரியவன்தான். மீசை நரைத்த பிறகும் சீடனாக உட்கார்ந்திருப்பதில் அவனுக்கு வெட்கமில்லை. வெட்கப்படும்படி யாரும் பக்கத்தில் இல்லாதவரை.

பிறகு வரகுணன் வந்தான். அவன் வந்து இரண்டு மழைக்காலம்தான் ஆகியிருந்தது. அந்த இரண்டு மழைக்காலமும் சேந்தனுக்குத் தொண்டையில் மீன்முள் சிக்கினாற்போல இருந்தது. விழுங்கவும் முடியவில்லை, துப்பவும் முடியவில்லை.

ஒருநாள் ஆசான் ஒரு பூசணிக்காயைக் கொண்டுவந்து நடுவில் வைத்தார். பந்துபோல் உருண்டையான காய்.

“நிறைந்த அண்டாவில் இதை முழுதாக அமுக்கினால் எவ்வளவு தண்ணீர் வழியும்? அமுக்கிப் பார்க்காமல் சொல்லுங்கள்.”

சேந்தன் முந்திக்கொண்டான். காயை நட்டநடுவில் குறுக்கே வெட்டி, வெட்டிய முகத்தின் பரப்பைக் கணக்கிட்டான்.

“இரண்டு முனையிலும் பரப்பு ஒன்றுமில்லை. நடுவில் இவ்வளவு. இரண்டுக்கும் சராசரி எடுத்து நீளத்தால் பெருக்கினேன்” என்று ஓர் அளவைச் சொன்னான்.

வரகுணன் அந்தப் பாதிக்காயைக் கையில் எடுத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தான்.

“அண்ணே, இது நேராகச் சரியவில்லையே. வளைந்தல்லவா சரிகிறது? வெறும் சராசரி எடுத்தால் இந்தப் புடைப்பு கணக்குக்கு வெளியே போய்விடும். முனைகளுக்கு ஒவ்வொரு பங்கு, நடுவுக்கு நான்கு பங்கு கொடுப்போம். கூட்டி, ஆறால் வகுத்து, அப்புறம் நீளத்தால் பெருக்குவோம்.”

“நடுவுக்கு ஏன் நான்கு?” என்று கேட்டார் ஆசான்.

“எத்தனையோ வளைவுகளை மண்ணில் வரைந்து பார்த்தேன். நான்கு கொடுத்தால்தான் ஒத்துவருகிறது.”

காயின் இரண்டு பாதிகளையும் இறுகச் சேர்த்துக் கட்டி அண்டாவில் அமுக்கினார்கள். வழிந்த தண்ணீரைப் பிடித்து அளந்தார்கள். வரகுணன் சொன்னதே சரியாக இருந்தது.

ஆசான் எழுந்து போகும்போது வரகுணனின் தோளில் கையை வைத்து அழுத்திவிட்டுப் போனார். அவ்வளவுதான்.

தன் தோளில் அந்தக் கை ஒருநாளும் விழுந்ததில்லை என்று சேந்தன் நினைத்தான். விழுந்திருந்தாலும் அன்று அவனுக்கு நினைவுக்கு வந்திருக்காது.

அந்த வருஷம் மழை பொய்த்தது. ஏரி நிரம்பவில்லை. ஏரியை நம்பி இரண்டு ஊர்கள் இருந்தன. மதகுக்குப் பக்கத்தில் மேல்குடி, வாய்க்காலின் கோடியில் கீழ்க்குடி. இரண்டு ஊராரும் சேர்ந்து ஆசானிடம் வந்தார்கள்.

“இருக்கிற தண்ணீருக்கு எவ்வளவு நிலம் விதைக்கலாம் என்று நீங்கள்தான் சொல்ல வேண்டும்” என்றார்கள்.

கீழ்க்குடிக்காகப் பேச வந்தவள் வேம்பி. வெயிலில் கறுத்த, குரல் கனத்த பெண். அந்த ஊரில் அவள் சொல்லைத் தட்டமாட்டார்கள்.

“தண்ணீர் மேல்குடியைத் தாண்டித்தான் எங்களுக்கு வரும், ஐயா. குறைந்தால் முதலில் காய்வது எங்கள் வயல். எங்களிடம் மிச்சமிருப்பது விதைநெல் மட்டும்தான். அதையும் போட்டுக் கருகவிட்டால் அடுத்த வருஷம் விதைக்க எங்களிடம் ஒரு மணிகூட இருக்காது. உண்டு என்றால் உண்டு என்று சொல்லுங்கள். இல்லை என்றால் இல்லை என்று சொல்லுங்கள்.”

ஆசான் சீடர்களைப் பார்த்தார்.

“வரகுணா, ஏரியை நீ அள. சேந்தா, நீ படகு தள்ளு.”

சேந்தன் தலையாட்டினான். காது இரண்டும் சுட்டன.

அந்த ஏரியில் படகு என்று இருந்தது ஆசானுடைய ஒரே படகுதான். சேந்தனே கட்டிக் கொடுத்தது. ஊரார் கரைக்குக் கரை கயிறு கட்டினார்கள். கயிற்றில் சம இடைவெளியில் முடிச்சுகள். சேந்தன் கயிற்றையொட்டிப் படகைச் செலுத்தி, ஒவ்வொரு முடிச்சிலும் கல் கட்டிய நூலை இறக்கி ஆழத்தைக் கூவினான். வரகுணன் கரையில் நின்று குறித்துக்கொண்டான். அந்த ஆழங்களைச் சேர்த்தால், ஏரியை அந்தக் கயிற்றின் வழியாக வாளால் வெட்டினால் தெரியும் முகத்தின் பரப்பு கிடைத்துவிடும். பிறகு கயிற்றைக் கொஞ்ச தூரம் தள்ளிக் கட்டி மறுபடி ஒரு வெட்டு. இப்படி ஏரி நெடுகிலும். எல்லா வெட்டுமுகங்களும் கைக்கு வந்துவிட்டால், பூசணிக்காயைப் போட்டதுபோல் கணக்குப் போட்டு முழு ஏரியின் தண்ணீரையும் சொல்லிவிடலாம்.

வரகுணன் ஒருமுறைகூடப் படகில் ஏறவில்லை. கரையிலேயே நின்று, “அடுத்தது, அண்ணே! அடுத்தது!” என்று குரல் கொடுத்துக்கொண்டிருந்தான். கால் நனையாமல் பெரிய மனுஷனாகிறான் என்று சேந்தன் நினைத்துக்கொண்டான்.

ஏரியின் நடுப்பகுதியில், ஒரு கயிற்றை முடித்து அடுத்த கயிற்றுக்குப் போகும் வழியில், படகின் அடி எதிலோ உரசியது. சேந்தன் மூங்கில் கழியை இறக்கினான். கழி முழங்கால் ஆழம்கூடப் போகவில்லை. குத்திப் பார்த்தான். சேறு. கொஞ்சம் தள்ளிக் குத்தினான். அங்கேயும் சேறு. போன வருஷத்து வெள்ளம் மலையிலிருந்து அடித்துவந்த வண்டல், கலங்கல் தண்ணீருக்கடியில் எருமைக் கூட்டம் படுத்திருப்பதுபோல் நீளமாகக் கிடந்தது. முன்னால் போட்ட கயிறும் அதைத் தொடவில்லை, பின்னால் போடப்போகிற கயிறும் தொடாது. கணக்கில் அந்த இடமெல்லாம் ஆழமான தண்ணீராகவே விழும்.

சேந்தன் சொல்ல வாயைத் திறந்தான்.

“ஏன் அண்ணே நின்றுவிட்டீர்கள்?” என்று கரையிலிருந்து வரகுணன் கத்தினான். “கொஞ்சம் சீக்கிரம்!”

கரை நெடுக ஊர் நின்றுகொண்டிருந்தது. அத்தனை பேர் காதிலும் அந்தச் சீக்கிரம் விழுந்தது.

“கழி சிக்கிக்கொண்டது” என்றான் சேந்தன். கழியை உருவிக்கொண்டு அடுத்த கயிற்றுக்குப் போனான்.

கரையேறும்போது அவனுக்குப் பல நாளாக இல்லாத ஒரு நிம்மதி இருந்தது. சோறு ருசித்தது. பயிர் பால்பிடிக்கும் நேரத்தில் தண்ணீர் அடிக்குப் போய்விடும், ஏரி நடுவில் சேற்றுமேடு முதுகைக் காட்டும், நான்கு பங்கு போட்டவன் தலை குனிந்து நிற்பான். அந்தக் காட்சியை அவன் திரும்பத் திரும்ப மனதில் ஓட்டிப் பார்த்தான். அதில் வயல்கள் வரவில்லை. வரகுணனின் முகம் மட்டும்தான் வந்தது.

மறுநாள் ஆசான் கயிறுகளை வெயிலில் உலர்த்திச் சுற்றிக்கொண்டிருந்தார். சேந்தன் போய் எதிரில் நின்றான்.

“ஒன்று கேட்கலாமா, ஆசானே?”

“கேள்.”

“ஏரியை ஏன் அவனிடம் கொடுத்தீர்கள்?”

“படகை உன்னிடம் கொடுத்தேனே.”

“அவனிடம் அப்படி என்ன பெரிதாக இருக்கிறது?”

“நீதான் அவனையே பார்த்துக்கொண்டிருக்கிறாய். நீ சொல். அவன் எவ்வளவு பெரியவன்?”

சேந்தன் சொன்னான். தயாராக வைத்திருந்தவன்போல் மளமளவென்று சொன்னான். பூசணிக்காய் அன்று நடந்தது. கோயில் கிணற்றுக்கு அவன் சொன்ன அளவு அப்படியே பலித்தது. பக்கத்து நாட்டுத் தலைவன் அவனைக் கூப்பிட்டுப் பக்கத்தில் உட்காரவைத்தது. ஆசான் அவன் தோளில் கை வைத்தது.

ஆசான் கயிற்றைச் சுற்றிக்கொண்டே எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்தார்.

“அவனை அளக்க, நல்ல அகலமான இடமாகப் பார்த்துத்தான் கயிறு கட்டியிருக்கிறாய்” என்றார்.

சேந்தனுக்குப் புரியவில்லை. புரிந்ததுபோலவும் இருந்தது.

“வரகுணனின் பெருக்கலையெல்லாம் சரிபார்க்க ஓர் ஆள் வேண்டும்” என்றார் ஆசான். “கணக்கு முடிகிறவரை அவன் வீட்டில் போய் இரு.”

வரகுணன் வீடு ஊருக்கு ஒதுக்குப்புறத்தில் இருந்தது. சேந்தன் அதுவரை அந்த வாசலை மிதித்ததில்லை. உள்ளே நுழைந்ததும் சோறு தீய்ந்த வாசனை அடித்தது.

“வாருங்கள், அண்ணே. கணக்கில் உட்கார்ந்தால் அடுப்பு மறந்துபோகிறது” என்று வரகுணன் அசடு வழிந்தான்.

மூலையில் ஒரு கிழவர் உட்கார்ந்திருந்தார். வரகுணனின் தகப்பனார். கண் தெளிவாக இருந்தது, நினைவுதான் இல்லை. வரகுணன் அவரைத் தூக்கிக்கொண்டுபோய்க் குளிப்பாட்டினான். துவட்டும்போது கிழவர் அவன் முகத்தை உற்றுப் பார்த்தார்.

“நீ யாரப்பா?”

“வேலைக்கு வந்தவன், ஐயா.”

“நல்லவனாக இருக்கிறாய். என் மகன் வரட்டும், சொல்கிறேன்.”

“சரி, ஐயா.”

மறுநாள் காலையிலும் கிழவர் கேட்டார். அதற்கடுத்த நாளும் கேட்டார். ஒருமுறைகூட வரகுணன் நான்தான் உங்கள் மகன் என்று சொல்லவில்லை.

“ஏன் சொல்வதில்லை?” என்று சேந்தன் கேட்டான்.

“முதலில் சொல்லிக்கொண்டுதான் இருந்தேன். பயந்துபோகிறார். என் மகன் சின்னப் பையன், நீ யார் என்று அழுகிறார்.”

சேந்தனுக்கு நெஞ்சு இளகியது. இளகிய கையோடு இன்னொன்றும் உள்ளே நெளிந்தது. இதையும் இவன் நன்றாகத்தான் செய்கிறான். அப்படி ஒரு நினைப்பு வந்ததற்காக அவன் தன்மேலேயே அருவருப்புக் கொண்டான். ஆனால் நினைப்பு வந்தது வந்ததுதான்.

கணக்கு போடும்போது பார்த்தான். வரகுணன் மண்ணில் எழுதுவான், அழிப்பான், மறுபடி எழுதுவான். முதல்முறை போட்ட பெருக்கல் பெரும்பாலும் தப்பாகவே வந்தது. ஆசான் முன்னால் அவன் வாயிலிருந்து விழும் விடை அவ்வளவு சுளுவாக விழுந்ததில்லை என்பது சேந்தனுக்கு அங்கேதான் தெரிந்தது.

“படகில் ஏறாமல் கரையிலேயே நின்றாயே, ஏன்?” என்று ஒருநாள் கேட்டான்.

வரகுணன் எழுதுவதை நிறுத்தினான்.

“தண்ணீர் என்றால் எனக்குப் பயம், அண்ணே. முழங்காலுக்கு மேல் வந்தால் மூச்சு அடைக்கும். ஆசானுக்குத் தெரியும். ஊரார் முன்னால் அது தெரிந்துவிடக்கூடாது என்றுதான் அன்றைக்கு உங்களை அவசரப்படுத்திக்கொண்டே இருந்தேன். நீங்கள் மனதில் வைத்துக்கொள்ளவில்லையே?”

“இல்லை.”

வரகுணன் மண்ணில் எழுதியிருந்த வெட்டுமுகங்களை விரலால் காட்டினான். பிறகு கேட்டான்.

“இரண்டு கயிறுகளுக்கு நடுவில் இருப்பதை நாம் பார்க்காமல்தான் எடுத்துக்கொள்கிறோம். தரை சீராகப் போகிறது என்று நம்பித்தான் கணக்கே. எனக்கு அதுதான் தூக்கத்தைக் கெடுக்கிறது. நீங்கள் படகில் நடுவில் போய்வந்தவர். மேடோ பள்ளமோ ஏதாவது தட்டுப்பட்டதா, அண்ணே?”

இதுவரை சேந்தன் பொய் சொல்லியிருக்கவில்லை. கழி சிக்கியது உண்மைதான். இப்போது சொல்லலாம். கேட்கிறவனே கேட்டுவிட்டான்.

“இல்லை” என்றான் சேந்தன்.

“நீங்கள் சொன்னால் எனக்குப் போதும்” என்றான் வரகுணன். அப்படியே சுவரில் சாய்ந்து, பட்டப்பகலில், குழந்தைபோல் தூங்கிப்போனான். பல நாளாகத் தூங்காதவன் தூங்கும் தூக்கம் அது. சேந்தன் அவனைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தான். எழுந்து போகவும் முடியவில்லை.

கணக்கு முடிந்தது. வரகுணன் ஊர் கூடின இடத்தில் நின்று சொன்னான்: இரண்டு ஊருக்கும் தண்ணீர் காணும், எல்லா வயலையும் விதைக்கலாம். கீழ்க்குடிப் பெண்கள் அங்கேயே குலவையிட்டார்கள்.

ஆசான் சேந்தனைப் பார்த்து, “கணக்கு சரிதானே?” என்றார்.

“பெருக்கல் எல்லாம் சரி, ஆசானே” என்றான் சேந்தன்.

மூன்று நாள் கழித்து அவன் கீழ்க்குடி வழியாக நடந்துபோனான். வீட்டுக்கு வீடு விதைநெல்லைக் கோணியில் கட்டித் தண்ணீரில் ஊறப்போட்டு முளைகட்டியிருந்தார்கள். வேம்பி அவனைப் பார்த்துவிட்டு ஓடிவந்தாள்.

“படகு தள்ளினவர் நீங்கள்தானே, ஐயா? எல்லாரும் கணக்குப் போட்டவரையே கொண்டாடுகிறார்கள். ஆழம் பார்த்துச் சொன்னது நீங்கள் அல்லவா? நீங்கள் சொன்னதைத்தானே அவர் கணக்காகப் போட்டார்?”

அவள் உள்ளே போய் ஒரு சொம்பு மோரைக் கொண்டுவந்தாள். சேந்தன் வாங்கிக்கொண்டான். இத்தனை நாள் அவன் கேட்க ஏங்கிய வார்த்தை அதுதான். அதைக் கேட்டபோது மோர் இறங்கவில்லை.

சொம்பை மோரோடு திருப்பிக் கொடுத்துவிட்டு நேராக ஆசானிடம் போனான்.

“ஆசானே, ஏரி நடுவில் வண்டல் மேடு இருக்கிறது. கயிறு விழாத இடத்தில். கழியால் குத்திப் பார்த்தேன். பெரிய மேடு. கீழ்க்குடிக்குப் போகிற தண்ணீர் அந்த அளவுக்குக் குறையும். அன்றைக்கே எனக்குத் தெரியும். வரகுணன் கேட்டபோதும் இல்லை என்றேன்.”

ஆசான் முகத்தில் ஒன்றும் மாறவில்லை.

“இதை ஏன் என்னிடம் சொல்கிறாய்?”

“வேறு யாரிடம் சொல்வேன்?”

“நானா விதை ஊறப்போட்டிருக்கிறேன்?”

சேந்தன் அங்கிருந்து வரகுணன் வீட்டுக்குப் போனான். அவனையும் அழைத்துக்கொண்டு மதகடிக்குப் போனான். இரண்டு ஊராரையும் கூப்பிட்டுவிட்டு, ஆசானிடம் சொன்னதை அப்படியே ஒரு சொல் குறைக்காமல் சொன்னான். எப்போது தெரியும் என்பதையும் சொன்னான். ஏன் சொல்லவில்லை என்பதையும் சொன்னான்.

வேம்பிதான் முதலில் வாயைத் திறந்தாள்.

“விதை முளைவிட்டுவிட்டது. இனி அதை அள்ளிப் பானையில் கொட்டிவைக்க முடியாது. சோறாக்கவும் முடியாது. உங்கள் இரண்டு பேருக்குள் யார் பெரியவன் என்று பார்க்க எங்கள் வயல்தான் கிடைத்ததா?”

தலை குனிந்து நின்றது சேந்தன்தான்.

வரகுணன் அவன் முகத்தைப் பார்க்கவில்லை. தண்ணீரைத்தான் பார்த்துக்கொண்டு நின்றான்.

“மேடு எவ்வளவு நீளம்?” என்று கேட்டான்.

“சரியாகத் தெரியாது.”

“அப்படியானால் படகை எடுங்கள்.”

அவன் படகில் ஏறினான். முகத்தில் இரத்தமே இல்லை. இரண்டு கையாலும் படகின் விளிம்பை இறுகப் பற்றிக்கொண்டு, கண்ணை மூடாமல் உட்கார்ந்திருந்தான். மேட்டின் குறுக்கே நெருக்கி நெருக்கிக் கயிறு போட்டார்கள். சேந்தன் ஆழத்தைச் சொன்னான். இந்தமுறை வரகுணன் அவன் சொன்னதை எடுத்துக்கொள்ளவில்லை. ஒரு கையை விளிம்பிலிருந்து எடுத்து நூலை வாங்கி, ஒவ்வொன்றையும் தானும் இறக்கிப் பார்த்தான். சேந்தன் சொன்னதும் அதுவும் ஒன்றாகவே இருந்தன. இருந்தும் அடுத்த முடிச்சிலும் இறக்கிப் பார்த்தான்.

புதுக் கணக்கில் தண்ணீர் குறைந்தது. மேல்குடிக்குக் காணும். கீழ்க்குடிக்கு இல்லை.

ஊர் மறுபடி கூடியது. மேல்குடியார் முதலில் முறுக்கிக்கொண்டார்கள். எங்கள் வயல் எங்களுக்கு என்றார்கள். வேம்பி கூச்சல் போடவில்லை. முளைவிட்ட விதை மூட்டையைத் தூக்கிவந்து அவர்கள் நடுவில் வைத்து அவிழ்த்துக் காட்டினாள். வெள்ளை வெள்ளையாக முளைகள். அதைப் பார்த்த பிறகு அதட்டிப் பேச யாருக்கும் வாய் வரவில்லை. வெகுநேரம் இழுபறியாகிக் கடைசியில் முடிவாயிற்று: இந்த ஒரு போகத்துக்குக் கீழ்க்குடி வயல்கள் தரிசாகக் கிடக்கட்டும். மதகுக்குப் பக்கத்து நிலத்தை மட்டும் இரண்டு ஊரும் பங்கிட்டு விதைக்கட்டும். விளைந்ததில் பாதிப் பாதி.

“ஒன்று மட்டும் சொல்லிவிடுகிறேன்” என்றாள் வேம்பி. “அறுப்பு முடிகிறவரை மதகில் நிற்க வேண்டியது இந்த மனுஷன். எந்த வயலுக்கு எவ்வளவு தண்ணீர் போகிறது என்று இவரே பார்த்துத் திறந்துவிட வேண்டும். ஒரு வயல் காய்ந்தாலும் நான் இவரைத்தான் கேட்பேன்.”

சேந்தன் அந்தப் போகம் முழுவதும் மதகில் நின்றான். வெயிலிலும் பனியிலும் நின்றான். தண்ணீர் இறங்க இறங்க வண்டல் மேடு மெல்ல வெளியே தலைநீட்டியது. வருகிறவர் போகிறவர் எல்லாம் அதையும் பார்த்தார்கள், அவனையும் பார்த்தார்கள். சிலர் முகத்துக்கு நேரே பேசினார்கள். வேம்பி அவனோடு சண்டையும் போடவில்லை, மோரும் கொண்டுவரவில்லை. மடை திறக்கிற நேரம் வந்தால் வந்து நிற்பாள், அளவு பார்ப்பாள், போய்விடுவாள். அறுப்புக்குக் கொஞ்சநாள் முன்னால்தான் ஒருநாள், “சாப்பிட்டீரா?” என்று கேட்டாள்.

ஏரி வற்றுகிற தறுவாயில் கதிர் முற்றியது. விளைச்சல் பெரிதில்லை. ஆனால் இரண்டு ஊருக்கும் சோறு இருந்தது, விதைக்கு நெல் இருந்தது.

வரகுணன் அந்த நாட்களில் சேந்தனோடு வேலைப் பேச்சைத் தவிர வேறு பேசவில்லை. அண்ணே என்று கூப்பிடவும் இல்லை.

அறுப்பு முடிந்த கையோடு வடக்கேயிருந்து ஆள் வந்தது. அங்கே கடல்போல ஓர் ஏரியாம். கரையை உயர்த்துவதற்கு முன்னால் எவ்வளவு கொள்ளும் என்று தெரியவேண்டுமாம். தப்பாகப் போட்ட கணக்கைத் தானே ஊர் முன்னால் திருத்திச் சொன்ன ஒருவன் இங்கே இருக்கிறானாமே, அவனை அனுப்புங்கள் என்று கேட்டார்கள். ஆசான் வரகுணனை அனுப்பச் சம்மதித்தார்.

புறப்படுகிற அன்று காலை வரகுணன் சேந்தனின் வாசலில் வந்து நின்றான். தோளில் மூட்டை இருந்தது. கைத்தாங்கலாகத் தகப்பனாரைப் பிடித்திருந்தான்.

“அவ்வளவு தூரம் இவரால் வரமுடியாது” என்றான்.

சேந்தன் கிழவரையும் அவனையும் மாறி மாறிப் பார்த்தான்.

“என்னிடமா விட்டுப் போகிறாய்?”

“தீய்ந்த சோறு இவருக்குப் பழகிவிட்டது. நல்ல சோறு போட்டால் சந்தேகப்படுவார்.”

அவன் சிரிக்கவில்லை. தகப்பனாரின் கையை எடுத்துச் சேந்தனின் கையில் வைத்தான். திரும்பிப் பார்க்காமல் நடந்துபோனான். அப்போதும் அண்ணே என்று சொல்லவில்லை.

நாட்கள் போயின. காலையில் கிழவரைக் குளிப்பாட்டுவது சேந்தனின் வேலையாயிற்று.

“நீ யாரப்பா?”

“வேலைக்கு வந்தவன், ஐயா.”

ஒருநாள் ஆசான் அந்தப் பக்கம் வந்தார். சேந்தன் கிழவரை வெயிலில் உட்காரவைத்துத் தலை சீவிக்கொண்டிருந்தான். ஆசானும் பக்கத்தில் உட்கார்ந்தார்.

“வடக்கேயிருந்து சேதி வந்திருக்கிறது” என்றார். “ஏரியை அளந்து முடித்துவிட்டானாம். ஊரே அவனைத் தூக்கிவைத்துக் கொண்டாடுகிறதாம். கரை கட்டி முடிக்கிறவரை அங்கேயே இருக்கச் சொல்லிவிட்டார்களாம்.”

சேந்தனின் கையில் சீப்பு நின்றது. பிறகு மறுபடி ஓடியது.

கிழவர் திடீரென்று நிமிர்ந்தார். “என் மகனும் வடக்கேதான் போயிருக்கிறான். கெட்டிக்காரன். அவனைப்போல் ஒருத்தன் இந்த நாட்டிலேயே இல்லை, தெரியுமா உனக்கு?”

“தெரியும், ஐயா” என்றான் சேந்தன்.

கிழவர் திருப்தியோடு கண்ணை மூடிக்கொண்டார். சேந்தன் சீப்பைக் கீழே வைத்தான். தாழ்ந்த குரலில் சொன்னான்.

“நான் மாறிவிட்டேன் என்று ஊரில் சொல்கிறார்கள், ஆசானே. நானும் அப்படித்தான் நினைத்துக்கொண்டிருந்தேன். இப்போது நீங்கள் சொன்னதும் தெரிந்துவிட்டது. பொறாமை இன்னும் போகவில்லை. இருக்கிறது.”

ஆசான் தலையசைத்தார். கிழவரின் தோளிலிருந்து நழுவிய துண்டை எடுத்துச் சரியாகப் போர்த்திவிட்டார்.

“எவ்வளவு?” என்று கேட்டார்.

நிறைய என்று சொல்லத்தான் சேந்தன் வாயைத் திறந்தான். ஆனால் இன்னும் கயிறு போட்டுப் பார்க்காத ஓர் அளவை அவன் சொல்லவில்லை.